சாவுக்கு அணியும் நகை, சாவுக்குக் கழற்றும் நகை

சித்தப்பா போய்ப் பதினாறு கழிந்து ஒரு மாதம் இருக்கும். சித்தியோடு ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் கடைத்தெருவில் ஓர் ஆசாரி பட்டறைக்குப் போயிருந்தேன். சித்தி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, பேப்பர் துண்டில் மடித்து வைத்திருந்ததைப் பலகையில் பிரித்து வைத்தார். தாலி, அதோடு கோத்திருந்த இரண்டு காசு, நாலு குண்டு. யாருடையது, என்ன ஏது என்று ஆசாரி ஒன்றும் கேட்கவில்லை. சித்தியின் நெற்றியை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, திராவகம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, “தாயி, தாலியை மட்டும் தனியா வச்சுக்கிறீகளா, எல்லாத்தையும் சேர்த்து அழிச்சிரவா?” என்றார்.

“சேர்த்தே அழிச்சிருங்கண்ணே. பேத்திக்கு ஒரு சோடித் தோடு வந்தாப் போதும்.”

பொன் உருக்கும் மூசையில் போட்டு, வெங்காரம் தூவி, நெருப்பை ஊதினார். தாலியின் விளிம்புதான் முதலில் வளைந்தது. அப்புறம் காசு எது, குண்டு எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் எல்லாம் ஒரே சிவந்த உருண்டையாகத் திரண்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் தோட்டை இன்று பார்க்கிற யாருக்கும் அதற்குள் ஒரு தாலி இருப்பது தெரியாது.

அந்த நாட்களில்தான் பழம்பொருள் ஏலப் பட்டியல் ஒன்றில் இங்கிலாந்துக்காரர்களின் பழைய ப்ரூச் ஒன்றை, அதாவது உடுப்பில் குத்திக்கொள்ளும் நகையை, படத்தில் பார்த்தேன். முட்டை வடிவம். சுற்றிலும் கறுப்பு எனாமல், அதன் விளிம்பில் கடுகு கடுகாக முத்து. நடுவில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே பழுப்பு நிறத் தலைமுடி, பாய் பின்னுவது போல நெருக்கமாகப் பின்னியது. பின்பக்கம் ஒருவரின் பெயரும் இறந்த தேதியும் வயதும். செத்துப்போனவரின் முடியை நெஞ்சில் குத்திக்கொண்டு ஒருவர் வருடக்கணக்கில் விருந்துக்கும் தேவாலயத்துக்கும் போய்வந்திருக்கிறார்.

இங்கே சாவு விழுந்தால் நகை உடம்பை விட்டு இறங்குகிறது. அங்கே சாவுக்கென்றே ஒரு நகை செய்து உடம்பில் ஏற்றியிருக்கிறார்கள். ஏன் இப்படி? வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அணிந்ததற்கும் நாம் கழற்றியதற்கும், ஏன், வங்காளத்தில் உடைத்ததற்கும்கூட, சரக்கு கொடுத்த கடல்களில் எங்கள் ராமநாதபுரத்துக் கடலும் ஒன்று.

முதலில் அவர்கள் கதை. ஐரோப்பாவில் இந்த வழக்கத்தின் வேர், ‘நீயும் ஒருநாள் சாவாய், மறவாதே’ என்று போட்டிருப்பவருக்கே எச்சரிக்கை சொன்ன மோதிரங்களில் இருக்கிறது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் மண்டையோடு, எலும்புக்கூடு, சவப்பெட்டி எல்லாம் பொறித்த மோதிரங்களைப் போட்டுக்கொண்டார்கள். அவை யாரோ ஒருவருடைய சாவைச் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் பொதுவான சாவைச் சொன்னன. மெல்ல மெல்ல அதில் ஆளின் பெயர் ஏறியது. இறந்தவர் தன் நினைவாக இன்னாருக்கெல்லாம் மோதிரம் தர வேண்டும் என்று உயிலில் எழுதிவைக்கத் தொடங்கினார். ஷேக்ஸ்பியர் 1616-இல் எழுதிய உயிலில் தன் நாடகக் கூட்டாளிகள் மூவருக்கு, மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் ஒதுக்கினார். நாட்குறிப்பால் பேர் பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1703-இல் இறந்தபோது நூற்றுக்கும் மேல் மோதிரங்கள் வழங்கப்பட்டன, வந்தவரின் நெருக்கத்துக்கும் அந்தஸ்துக்கும் தக்கபடி விலையில் தரம் பிரித்து. முதலாண்டு நினைவு நாளில் பேர் பொறித்த எவர்சில்வர் டம்ளர் கொடுக்கிற வீடுகள் நம் பக்கமும் உண்டே, கிட்டத்தட்ட அதுதான்.

அரசியலும் இதற்குள் வந்தது. 1649 ஜனவரியில் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய பிறகு, அவர் பக்கத்து ஆட்கள் அவருடைய சின்னஞ்சிறு உருவம் வைத்த மோதிரங்களைப் போட்டுக்கொண்டார்கள். சிலர் வெளியே தெரியும்படி, சிலர் மூடிக்குள் மறைத்து. தலைவர் படம் போட்ட மோதிரத்தை, தலைவர் போன பிறகும் கழற்றாத கட்சிக்காரர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

18-ஆம் நூற்றாண்டில் சின்னங்களுக்கு ஓர் அகராதியே உண்டாகிவிட்டது. மோதிரத்தில் கறுப்பு எனாமல் இருந்தால் இறந்தவர் மணமானவர். வெள்ளை எனாமல் என்றால் மணமாகாதவர் அல்லது குழந்தை. பொதுவாக அப்படித்தான் படித்தார்கள். மண்டையோடு மறைந்து, கல்லறைக் கலசமும் அதன்மேல் தலை சாய்த்து நிற்கும் மரமும் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணும் வந்தார்கள். முத்து கண்ணீரைக் குறித்தது. முடி, இறந்தவரின் உடம்பில் எளிதில் அழுகாமல் மிஞ்சுகிற பகுதி என்பதால், அன்பின் சாட்சியாக உள்ளே போய் உட்கார்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் முடியைப் பின்னிச் சங்கிலி, காப்பு, காதணி செய்வது தனித் தொழிலாகவே நடந்தது. நகைக்கடைக்குக் கொடுத்த முடியைத்தான் திருப்பித் தருகிறார்களா, வேறு யாருடைய முடியையாவது பின்னிவிடுகிறார்களா என்ற சந்தேகத்தில், பெண்கள் வீட்டிலேயே பின்னக் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகைகள் அதற்குச் செய்முறையும் போட்டன.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு உடம்பு கொஞ்சம் கூசும். எனக்கும் கூசியது. நமக்குச் செத்தவரின் முடி தீட்டு. அதைப் பெட்டியில் வைப்பதே ஆகாது, இதில் கழுத்தில் போடுவதா? சாவுக்கு மொட்டை போட்டு நம் முடியையும் எறிகிறோம், எலும்பையும் சாம்பலையும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலோ சேதுக்கரையிலோ கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறோம். எதையும் மிச்சம் வைக்கக்கூடாது என்பதுதான் இங்கே முறை. வைத்தால் போன உயிருக்கும் நிம்மதி கிடையாது, இருக்கிற உயிருக்கும் கிடையாது. ஆனால் இதே மாவட்டத்தில் ஓரியூருக்குப் போகிறவர்கள், 1693-இல் அருளானந்தர் என்ற பாதிரியார் கொல்லப்பட்ட இடத்துச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்து வருகிறார்கள். அதில் சாதி மதம் பார்ப்பதில்லை. புனிதர் என்றால் மிச்சம் வைக்கலாம், புருஷன் என்றால் கூடாது போலிருக்கிறது.

இங்கிலாந்தில் இந்த வழக்கம் உச்சிக்குப் போனது ஒரு விதவையால். 1861 டிசம்பர் 14 அன்று விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்தார். அப்போது அவருக்கு 42 வயது. 1901 ஜனவரியில் தான் இறக்கும்வரை மகாராணி கறுப்பைக் கழற்றவே இல்லை. ஆல்பர்ட்டின் முடி வைத்த லாக்கெட்டுகளை அணிந்தார். அரண்மனை கறுப்பானதும் ஊரும் கறுப்பானது. கணவனை இழந்தவள் சுமார் இரண்டரை ஆண்டு துக்கம் காக்க வேண்டும், முதல் ஒரு வருடம் பளபளப்பே இல்லாத கறுப்பு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறம், ஊதா நிறம் என்று படிப்படியாக இறங்கலாம். மனைவியை இழந்தவனுக்குச் சில மாதம், கையில் ஒரு கறுப்புப் பட்டி, முடிந்தது கதை. அதையும் சொல்லியாக வேண்டும். நகையை ஏற்றினாலும் இறக்கினாலும் இரண்டு ஊரிலும் கணக்கு எழுதப்பட்டது பெண்ணுடைய உடம்பில்தான்.

அந்தக் கறுப்பு நகைக்கு உகந்த பொருள் ஜெட். பார்க்கக் கல் மாதிரி இருக்கும், உண்மையில் மரம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் புதைந்து இறுகிப்போன மரம். கையில் எடுத்தால் கல்லின் கனமும் இருக்காது, குளிர்ச்சியும் இருக்காது. மெருகிடாத பீங்கானில் தேய்த்தால் பழுப்புக் கோடு விழும், கறுப்புக் கண்ணாடி என்றால் விழாது. இது நன்றாகக் கிடைத்த இடம் இங்கிலாந்தின் வடகிழக்கில் விட்பி என்ற சின்னத் துறைமுகம். மீன்பிடி ஊர்தான், நம் மண்டபம், பாம்பன் மாதிரி. கரையில் ஒதுங்குகிற ஜெட்டைப் பொறுக்கியும், பாறையைக் குடைந்தும் எடுத்தார்கள். 1870-களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே ஜெட் கடைந்து பிழைத்தார்கள். தேவை கூடக்கூடப் போலியும் வந்தது. பிரெஞ்சு ஜெட் என்று பேர் வைத்துக் கறுப்புக் கண்ணாடியை விற்றார்கள். கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரையும் கடைந்தார்கள், அது வெயிலில் பழுப்பேறிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் 1914-இல் வந்த உலகப் போரில் வீட்டுக்கு வீடு சாவு. எல்லோரும் கறுப்பு உடுத்தினால் ஊரே எழவு வீடாகத் தெரியும். சடங்கு தளர்ந்தது, ஜெட் பட்டறைகள் மூடின.

இப்போது இந்தக் கரைக்கு வருகிறேன்.

முத்து கண்ணீர் என்று இங்கிலாந்து நகைக்காரர் படித்தார் அல்லவா, நம் மொழியும் அதையே சொல்கிறது. ‘முத்து முத்தாகக் கண்ணீர் விட்டாள்’ என்று எழுதாத தமிழ்க் கதை உண்டா? அக்காலத்தில் ஐரோப்பாவுக்கு முத்து போன பெரிய வாசல்களில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று பாரசீக வளைகுடா, மற்றது மன்னார் வளைகுடா. தூத்துக்குடியிலிருந்து பாம்பன்வரை 21 தீவுகள் கோத்த மாலைபோலக் கிடக்கிற இந்தக் கடலில், பார் என்று சொல்கிற முத்துச்சிப்பித் திட்டுகளில் குளித்து எடுத்தார்கள். சேதுபதி மன்னர்களுக்கும் முத்துக்குளிப்பில் படகு விடும் உரிமை இருந்தது. அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது.

ஆனால் முத்தைக் கண்ணீர் என்று சொன்ன நாம், அழும்போது முத்து அணிவதில்லை. இங்கே முத்துக்கும் சாவுக்கும் உள்ள உறவு வேறு இடத்தில், கயிற்றில் இருந்தது. குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவன் அவன் பெண்டாட்டியுடன் பிறந்தவனாக இருக்க வேண்டும் என்று கடற்கரையில் சொல்வார்கள். தன் தங்கச்சி தாலி அறுவதை எந்த மச்சானும் விரும்ப மாட்டான், கயிறு அசைந்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் இழுத்துவிடுவான் என்பது கணக்கு. மலைத்தேன் எடுக்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள். எந்தக் காலத்தில் எத்தனை படகில் இப்படி நடந்தது என்பதைவிட, மச்சானின் கையில் கயிறு, அந்தக் கயிற்றின் மறுமுனையில் தாலி என்று ஊர் இதைப் பார்த்திருக்கிறதே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கறுப்பு மணியும் அப்படியே தலைகீழ். விட்பியில் கறுப்பு மணி மாலை என்றால் வீட்டில் சாவு. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் கறுப்பு மணி என்றால் கல்யாணம். முஸ்லிம் வீடுகளில் மணப்பெண்ணுக்குக் கட்டுவது கருகமணி. பொன்னுக்கு நடுவே கோத்த அந்தப் பொடிக் கறுப்பு மணிதான் அங்கே தாலி. கணவன் இறந்தால் பெரும்பாலான குடும்பங்களில் அதைக் கழற்றிவிடுவார்கள். பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும், அதுவரை நகையும் அலங்காரமும் கிடையாது. அதற்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். துக்கத்துக்குக் காலக்கெடு வைத்த வகையில் விக்டோரியா காலத்து இங்கிலாந்தும் கீழக்கரையும் ஒன்று. கடற்கரைக் கத்தோலிக்கர் வீடுகளில் தாலியில் சிலுவை இருக்கும், புறா இருக்கும். தாலி வேறு, கழற்றுகிற வழக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்.

சங்குதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கதை. எங்கள் பக்கம் ‘சங்கு ஊதியாச்சு’ என்றால் ஆள் முடிந்தான் என்று பொருள். பிணம் கிளம்பும்போது சங்கும் சேகண்டியும் முன்னால் போகும். குழந்தைக்குப் பால் புகட்டுவதும் சங்கில்தான். பட்டினத்தார் பெயரில் வழங்கும் வெண்பா ஒன்று மூன்று சங்கைச் சொல்லும்: முதல் சங்கு அமுதூட்டும், நடுச் சங்கு கல்யாண விலங்கு பூட்டும், கடைச் சங்கு சாவுக்கு ஊதும்.

அந்த நடுச் சங்கு வங்காளத்தில் வேறு விதமாக மெய்யானது. அங்கே மணமான இந்துப் பெண்ணின் கையில் சங்கை அறுத்துச் செய்த வெள்ளை வளையல் இருக்க வேண்டும், பக்கத்தில் சிவப்புப் பவள வளையல், ஓர் இரும்புக் காப்பு. அந்த வளையலுக்கான சங்கு வங்காளக் கடலோரத்தில் கிடைப்பதில்லை. பெரும்பாலும் மன்னார் வளைகுடாவிலிருந்தும் பாக் நீரிணையிலிருந்தும்தான் டாக்காவுக்கும் கல்கத்தாவுக்கும் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தச் சங்கு வணிகத்தை ஊர் ஊராகப் போய் விரிவாக எழுதிவைத்தார். உயிரோடு எடுத்த சங்குக்குத்தான் மதிப்பு. செத்துக் கிடந்து கரை ஒதுங்கியதில் வெண்மை மங்கியிருக்கும், புழு துளைத்திருக்கும், வளையலுக்கு ஆகாது. டாக்காவில் ஷாங்காரி பஜார் என்று சங்கறுப்பவர்களுக்கு ஒரு தெருவே இருந்தது. பிறை போல வளைந்த கனத்த இரும்பு வாளை இரண்டு கையாலும் பிடித்து, காலால் அண்டக் கொடுத்த சங்கை வளையம் வளையமாக அறுப்பார்கள்.

கணவன் இறந்த அன்று அந்த வளையலை உடைத்துவிடுவார்கள். கீழக்கரைக்காரன் மூச்சடக்கி எடுத்த சங்கு, ஆயிரம் மைல் தாண்டிப் போய் ஒருத்தியின் கையில் வெள்ளையாக இருந்து, கடைசியில் அவள் வீட்டுப் படித்துறையில் துண்டு துண்டாகக் கிடக்கும். இன்றைக்கும் கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கும் அது வங்காளத்துக்குப் போகிறது.

சங்கு வளையல் ஒரு காலத்தில் தமிழ்ப் பெண்ணின் கையிலும் இருந்ததுதான். வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளத்தில் அகழ்ந்தபோது ரோமானியக் காசோடு சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. சங்க இலக்கியம் அந்த வளையலை வைத்தே துயரத்தை அளந்தது. காதலன் பிரிந்து போனால் அவள் மெலிவாள், சங்கை அறுத்துச் செய்த வளை தானாக நழுவும். குறுந்தொகையில் ‘கோடு ஈர் இலங்கு வளை ஞெகிழ’ என்று வருவது அந்தச் சங்கு வளைதான். பிரிவில் வளை தானாகக் கழலும். சாவில் கழற்ற வேண்டும். கரிகாலன் இறந்ததைப் பாடும் புறநானூற்றுப் பாட்டு (224), ஆயர் கிளைகளைக் கொய்துபோட்ட பிறகு மொட்டையாக நிற்கிற வேங்கை மரத்தைக் காட்டி, அதுபோல மகளிரும் ‘இழை களைந்தனரே’ என்று முடியும். இன்னொரு பாட்டு (250) கூந்தலைக் கொய்து, குறுந்தொடி நீக்கி, அல்லி அரிசி உண்ணும் பெண்ணைச் சொல்லும். கண்ணகி வேறு ஆள். அவள் கழற்றவில்லை. மதுரையை விட்டுப் போகிறபோது கொற்றவை வாயிலில் பொற்றொடியைத் தகர்த்துவிட்டுப் போனாள். அதற்கு முன்னால் அரசவையிலும் உடைத்ததுதானே வழக்கையே தீர்த்தது? அரசியின் சிலம்புக்குள் இருந்தது பாண்டிய நாட்டு முத்து, இவள் சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம்.

இவ்வளவு நேரம் ‘நாம் சாவுக்கென்று நகை வாங்குவதில்லை’ என்ற நினைப்பிலேயே எழுதிக்கொண்டு வந்தேன். அது சரியில்லை, ஒன்று வாங்குகிறோம். சித்திக்கு அந்தச் சடங்கு நடந்த விடிகாலை நினைவுக்கு வருகிறது. முந்தின நாள் சாயந்திரம் யாரோ போய் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்தார்கள். பச்சையும் சிவப்பும். சித்தி வயதுக்குக் கண்ணாடி வளையல் போட்டு வருடக்கணக்கு ஆகியிருக்கும். தலை நிறையப் பூ வைத்து, பெரிய பொட்டு வைத்து, கை நிறைய அந்த வளையலைப் போட்டு உட்காரவைத்தார்கள். கல்யாணத்தன்று இருந்ததற்கு அப்புறம் அத்தனை அலங்காரம் அன்றைக்குத்தான். சுற்றிலும் கணவனை இழந்த கிழவிகள். நான் வாசலில் நின்றேன், உள்ளே போகவில்லை. வளையல் உடைகிற சத்தம் கேட்டது. தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டதாக அப்புறம் சொன்னார்கள். உடன்பிறந்தவர் கொண்டுவந்த கோடிச் சேலையைப் போர்த்தி ஒரு மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். படித்த பிள்ளைகள் நாலு பேர் அந்த வீட்டில் இருந்தோம். ‘இது எதற்கு’ என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2022 மே மாதம் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் என்ற கிராமம், வளையல் உடைப்பதையும் தாலி அறுப்பதையும் கைவிடுவதாகப் பஞ்சாயத்திலேயே தீர்மானம் போட்டது. அந்தச் செய்தியை நான் படித்திருந்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

உடைப்பதற்கென்றே வாங்கின அந்த இரண்டு டஜன் வளையல்தான் நம்முடைய துக்க நகை. இங்கிலாந்துக்காரி முடி வைத்த ப்ரூச்சை நாற்பது வருடம் போட்டிருப்பாள். இதன் ஆயுசு ஓர் இரவு. மறுநாள் முற்றம் பெருக்கும்போது பச்சைத் துண்டு ஒன்று விளக்குமாற்றில் மாட்டிக்கொண்டிருந்தது.

மொழிக்கு இதில் இருக்கிற பயம் தனிக் கதை. சாதாரண நாளில் தாலிக் கயிறு நைந்து அறுந்தால் ‘அறுந்துவிட்டது’ என்று சொல்ல மாட்டார்கள், ‘தாலி பெருகிவிட்டது’ என்பார்கள். வளையல் உடைந்தாலும் பெருகிப்போச்சு. குறைந்ததைக் கூடியதாகச் சொல்லி வாயைக் கட்டுகிறோம். சண்டையில் மட்டும் அந்தக் கட்டு அவிழும். ‘அறுதாலி’ என்பதைவிடக் கொடிய வசவு கடற்கரைத் தெருவில் குறைவு. இன்னொரு பக்கம், கணவனுக்கு முன்னால் போகிறவளுக்கு ‘மஞ்சள் குங்குமத்தோட போய்ச் சேந்தா’ என்று புகழ்ச்சி. பட்டுச்சேலை, பூ, தாலியோடு அவள் பாடையில் போவாள். உயிரோடு இருக்கிறவளிடம் பறிப்பதை இறந்தவளுக்குப் பூட்டி அனுப்புகிறோம். மனைவி இறந்த ஆணிடம் கழற்ற ஒன்றுமே இல்லை.

உடம்பிலிருந்து கழற்றியது எங்கே போகிறது? ஒன்று, வாய்க்கு வருகிறது. ஒப்பாரியைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் அதில் பாதி நகைப் பெட்டிதான். முத்துமாலை, தங்கக்கொடி, வைரத்தோடு, பவழக்காப்பு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். குந்துமணித் தங்கம்கூட வாங்கித் தராமல் குடித்தே போனவனுக்கும் ‘முத்துப் பதிச்ச தாலி’ என்றுதான் இழுப்பு வரும். பொய் என்று யாரும் நினைப்பதில்லை. சாவு வீட்டில் கழுத்து காலியாக, பாட்டு மட்டும் நகை போட்டிருக்கும். இப்போது ஒப்பாரி சொல்கிற கிழவிகள் குறைந்துவிட்டார்கள், அந்த இடத்துக்கு ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் வந்துவிட்டது. இங்கிலாந்துக்காரன் லாக்கெட்டுக்குள் வைத்த படத்தை நாம் பத்தடிக்கு அச்சடித்து மின்கம்பத்தில் கட்டுகிறோம். காற்றடித்துக் கிழிகிறவரை துக்கம்.

இரண்டாவது வழி, ஆசாரியின் மூசை. தாலிப் பொன்னை அப்படியே பெட்டியில் வைத்திருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். உண்டியலில் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் அழித்துச் செய்துகொள்கிறார்கள்: மகளுக்குச் செயின், பேரனுக்கு அரைஞாண், மருமகளுக்கு மோதிரம். இப்படிப் பார்த்தால் நம் வீடுகளில் இருக்கிற பழைய பொன்னில் யாருடைய தாலியும் கலக்காதது எது? தங்கம் அழியாது, உருவம்தான் அழியும். இங்கிலாந்தின் துக்க நகைகள் அருங்காட்சியகத்தில் பேரும் தேதியுமாக நிற்கின்றன. நம்முடையவை காதிலும் மூக்கிலும் பேர் இல்லாமல் நடமாடுகின்றன. எனக்கு இதில் பிந்தையதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் அதைக் கழற்றிய முறை பிடிக்கவில்லை.

இதற்கெல்லாம் அடங்காத சாவு ஒன்று இந்தக் கரையில் உண்டு. கடலுக்குப் போனவன் திரும்பி வராத சாவு. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி போனபோது ரயிலோடு போனவர்களிலும் வீட்டோடு போனவர்களிலும் பல உடல்கள் கிடைக்கவே இல்லை. அவ்வளவு பெரிய புயல் வேண்டாம், ஒரு படகு கவிழ்ந்தால் போதும். பிணம் இல்லாமல் பதினாறாம் நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? சட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு 7 ஆண்டுகள் ஒரு தகவலும் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் சொன்னது, 2023-இல் வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. அதுவரை அவள் மனைவியா விதவையா? பல பெண்கள் தாலியோடுதான் இருக்கிறார்கள். கழற்றச் சொல்லவும் யாருக்கும் துணிவு வராது. கழற்றினால் அவனைக் கொன்றது அவள் என்று ஆகிவிடும்.

அப்படித் தாலியோடு இருக்கிறார்கள் என்று சொன்னேன், அதிலும் ஒரு திருத்தம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. தடைக்காலம் தொடங்கிச் சில வாரத்தில் கடலோர ஊர்களின் அடகுக் கடைகளில் கூட்டம் சேரும். முதலில் போவது தோடு, அப்புறம் சங்கிலி, கடைசியில் தாலி. தாலிப் பொன்னைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு விரலிமஞ்சளைக் கட்டிப் போட்டுக்கொள்வார்கள். சீசன் பிறந்து பாடு நன்றாக இருந்தால் திருப்புவார்கள்.

சித்தியின் தாலியும் அப்படி எத்தனையோ தடவை போய் வந்ததுதான். சித்தப்பா இறந்தபோதும் அது கடையில்தான் இருந்தது. விடிகாலையில் பால் கிண்ணத்தில் விழுந்தது மஞ்சள் துண்டு. பதினாறு கழிந்து, மொய்ப் பணத்தில் வட்டி கட்டி மீட்டுக்கொண்டு, நேராக ஆசாரியிடம் போனோம். பேப்பரில் மடித்திருந்தார் என்றேனே, பட்டறையில் அதை விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது அடகுச் சீட்டு. சித்தப்பா பேரும், கிராம் கணக்கும், கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தன. ஆசாரி அதைக் குப்பைக் கூடையில் போடப் போனார். சித்தி கையை நீட்டி வாங்கி, நாலாக மடித்து, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.